துவக்குக்கு ஒரு கையெழுத்து

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரும்பின் மேல் இரும்பு பின்னுக்கு இழுபட்டு, ஒரு நொடி நின்று, முழு வேகத்தோடு முன்னால் பாய்ந்து மோதும் சத்தம். சறக்... டக்.

பாலேஸ்வரி அடுப்படியில் சொதிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் காதில் விழுந்தது மட்டுந்தான் அவளுக்குத் தெரியும். அடுத்த நொடி சாப்பாட்டு மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தாள். கைகள் இரண்டும் காதுகளைப் பொத்தியிருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது. குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செவி கிழிந்துவிடும் என்று இருபது வயதில் பழகியதை அந்த உடம்பு மறக்கவே இல்லை. அவளோடு சட்டியும் விழுந்திருந்தது. கொதித்த சொதி வலக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஊற்றுண்டு, தோல் சிவந்து பொங்கத் தொடங்கியது.

முன்னறையில் இரண்டு ஆண்கள் சிரித்தார்கள்.

"அறுபது வருசப் பழசு நவம். இழுத்து விட்டால் எப்பிடிப் பாயுது பாரும்!" என்றார் விருந்துக்கு வந்திருந்த சீமோன்.

"என்னப்பா அங்கை விழுந்தது?" என்று அவளுடைய கணவன் நவரட்ணம் கேட்டான்.

"சட்டி," என்றாள் பாலேஸ்வரி, மேசைக்குக் கீழிருந்தபடியே.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தப் பனிநாட்டுக்கு வந்தவள். அஜின்கோர்ட் என்ற புறநகரில் அந்தச் சிறிய வீட்டை வாங்கிப் பதினாறு வருடமாகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவாள், சாப்பாடு ஊட்டுவாள், சில சமயம் இறந்தவர்களின் கண்களை மூடிவிடுவாள். யாரோடும் உரத்துப் பேசாதவள். அன்று சனிக்கிழமை மதியம் அந்த வீட்டில் ஒரே ஒரு காரியத்துக்காக எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு படிவத்தில் அவள் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் அவளுடைய கணவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துவக்கு, சொந்தமாக ஒரு துப்பாக்கி, வாங்குவான்.

கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி நின்றபோதுதான் எரிவு உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லைக் கடிக்கும்போதெல்லாம் முன்னால் இரண்டு பல் இல்லாதது நினைவுக்கு வரும். அந்தப் பற்கள் இந்த வருடம் மாசி மாதத்தில் போனவை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கதவில் இடி இடித்தது போலத் தட்டினார்கள். "பொலிஸ்! ஓப்பின் த டோர்!"

பாலேஸ்வரி யோசிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் பை தொங்கும். வீட்டிலுள்ள மூன்று பேருடைய படம் போட்ட ஹெல்த் கார்ட்டும் அதற்குள் இருக்கும். பையைப் பிடுங்கி, அட்டைகளை வெளியே எடுத்து, ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கதவைத் திறந்தாள். தட்டிய சத்தம் ஓய்வதற்குள் திறந்துவிட்டாள். மாடியில் நின்ற நவரட்ணம் வாசல் கமராவைத் தொலைபேசியில் பார்த்து, பொலிஸ் அங்கி போட்டவர்களின் காலில் ஓட்டச் சப்பாத்து இருப்பதைக் கண்டு, "திறவாதை!" என்று கத்திய கத்தல் அவளுக்கு எட்டியபோது முதல் குத்து அவள் வாயில் விழுந்திருந்தது.

மூன்று பேர். ஒருவன் அவளுடைய தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். கொடி அறுவதற்கு முன் கழுத்துத் தோல் அறுந்தது. நவரட்ணம் படியால் பாய்ந்து இறங்கினான். அவனை மூன்றாம் படியில் விழுத்தி, வலக்கையைப் படி விளிம்பில் வைத்து, "தங்கம் எங்கே?" என்று கேட்டார்கள். மிச்ச நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்று அவன் உண்மையைத்தான் சொன்னான். சுத்தியல் நடுவிரலில் விழுந்தது. மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதே உண்மை. மோதிரவிரல். எலும்பு உடையும் சத்தத்தைப் பாலேஸ்வரி வாயில் இரத்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். உயர்த்திய கையிலிருந்த அட்டைகளை அவள் கீழே விடவே இல்லை.

ஏழு நிமிடம். காரையும் கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து நவரட்ணம் வேறு மனிதன். இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறினான். கதவுக்கு மூன்று பூட்டும் ஒரு சங்கிலியும் போட்டான். சாப்பிடும்போதும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். உடைந்த இரண்டு விரலும் பிறகு மடங்கவில்லை. ஒவ்வொரு நாளும், தேத்தண்ணி குடிக்கும்போதோ செய்தி பார்க்கும்போதோ, ஏதோ ஒரு நேரத்தில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வான்.

"நீதானே திறந்தனி."

அவள் பதில் சொன்னதில்லை. ஏன் திறந்தாள் என்று அவனும் கேட்டதில்லை.

கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணியோடு முன்னறைக்கு வந்தாள். தாழ்ந்த மேசையில் துவக்கு கிடந்தது. மரப்பிடி, கறுத்த குழல், மேல்பக்கம் வாய் பிளந்தபடி. பக்கத்தில் பித்தளைத் தோட்டா ஒன்று நிமிர்ந்து நின்றது. அதற்கும் பக்கத்தில் அந்த லைசன்ஸ் படிவம்.

சீமோன் எழுந்து தட்டத்தை வாங்கினார். மன்னார்க்காரர், அறுபது வயது, பெரிய வயிறு, பெரிய சிரிப்பு. பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சியத்தில் நவரட்ணத்தோடு பத்து வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒவ்வொரு கார்த்திகையும் வடக்கே போய் மான் சுட்டு வந்து பாதி அஜின்கோர்ட்டுக்கு இறைச்சி பங்கிடுவார். நவரட்ணம் கெஞ்சிக் கேட்டதால்தான் இன்றைக்குத் துவக்கைக் காட்டக் கொண்டுவந்திருந்தார்.

"கையிலை என்ன தங்கச்சி?"

"சொதி ஊத்துப்பட்டிட்டுது அண்ணை."

"நான் சாப்பிட வந்தனான் எண்டு சொதிக்கே பயம் பிடிச்சிட்டுது," என்று சீமோன் சிரித்தார். "மகன் மிதுனன் எங்கை?"

"உங்களுக்கு மட்டன் ரோல்ஸ் வாங்க அனுப்பினனான். இப்ப வந்திடுவான்."

நவரட்ணம் இந்தப் பேச்சு எதையும் கேட்கவில்லை. துவக்கை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

"இதுதான் அண்ணை. இதே மாதிரி ஒண்டு எடுக்கிறன்."

"நான் ரெண்டு மாசமாச் சொல்லுறன், நீர் கேக்கிறீர் இல்லை," என்றார் சீமோன். "மானுக்கு உது தேவையில்லை. நான் வச்சிருக்கிற மற்றத் துவக்கு மாதிரி ஒண்டு வாங்கும். ஒரு வெடி, பிறகு கையாலை இழுத்துத் தள்ளி அடுத்த வெடி. பிழைச்சால் மான் ஓடியிடும், நாங்கள் கோப்பி குடிச்சிட்டு வீட்டை வருவம். உது செமி ஓட்டோமற்றிக். விசையை அழுத்த அழுத்த ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா அஞ்சும் போகும். கனக்க வகையளை அரசாங்கம் தடை செய்திட்டுது. உதையும் எப்ப செய்யுமோ தெரியாது."

நவரட்ணம் வலக்கையை விரித்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினான். இரண்டு விரல்கள் காய்ந்த குச்சிபோல நேராக நின்றன.

"இந்தக் கையாலை ஒவ்வொரு வெடிக்கும் இழுத்துத் தள்ளச் சொல்லுறியளோ? நான் இழுத்து முடிக்கும்வரைக்கும் மான் நிக்கும். அவங்கள் நிப்பாங்களோ?"

சீமோனின் சிரிப்பு குறைந்தது. "ஆர் அவங்கள்? நாங்கள் மானைத்தானே கதைக்கிறம்?"

"மான்தான், மான்தான். படிவத்திலையும் வேட்டை எண்டுதான் போட்டிருக்கிறன்."

"வீட்டுக் காவலுக்கு எண்டு எழுதினால் லைசன்ஸ் தரமாட்டாங்கள் தங்கச்சி," என்று சீமோன் அவள் பக்கம் திரும்பினார். "இங்கத்தைச் சட்டம் அப்பிடி. துவக்கு வெறுமையா, பூட்டோடை இருக்கவேணும். தோட்டா வேறையா. கள்ளன் வந்தால், 'கொஞ்சம் பொறு தம்பி, சாவியைத் தேடுறன்' எண்டு சொல்லவேணும்."

பாலேஸ்வரிக்கு அவர் சொன்னது பாதிதான் கேட்டது. அவள் அந்தத் தோட்டாவைக் கையில் எடுத்திருந்தாள். சுண்டுவிரல் நீளமில்லை. அடி பருத்து நுனி ஒடுங்கியது. பித்தளையின் பக்கத்தில் ஊசித்துளை போல ஒரு ஓட்டை. அந்த ஓட்டை அவளுக்குப் புதிது. மற்றதெல்லாம் தெரிந்தது. இதே உயரம், இதே பருமன், இதே மங்கிய மஞ்சள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு காலை. ஊரைச் சுற்றிவளைத்த இராணுவம் வீடு வீடாகத் தட்டி வந்தது. "கதவைத் திற!" என்று கத்தினார்கள். அவளுடைய அண்ணன் யோகன் கதவுக்குப் பின்னால்தான் நின்றான். அடையாள அட்டை கையில் இல்லாமல் திறந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சேர்ட் பொக்கற்றையும் காற்சட்டைப் பொக்கற்றையும் மாறி மாறித் தடவினான். "ஒரு நிமிசம் சேர், ஒரு நிமிசம்" என்றான். அந்த ஒரு நிமிடத்தை அவர்கள் கொடுக்கவில்லை. கதவினூடாகவே சுட்டார்கள். தடித்த பலாமரக் கதவு. அதில் திடீரென்று வெளிச்சப் புள்ளிகள் தோன்றின. யோகன் கதவோடு சாய்ந்து, மெல்ல மெல்லச் சறுக்கித் தரையில் அமர்ந்தான். பிறகு அவனை அகற்றாமல் கதவைத் திறக்க முடியவில்லை. அடையாள அட்டை அவனுடைய சேர்ட் பொக்கற்றில்தான் இருந்தது, அதில் ஒரு ஓட்டையோடு.

மறுநாள் முற்றத்தைக் கூட்டியபோது பதினொரு வெற்றுத் தோட்டாக் கோதுகள் பொறுக்கினாள். அன்று தொடங்கியது அவளுடைய ஆணியும் பையும். எந்த நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் கதவுக்குப் பக்கத்தில் அட்டைகள் தொங்கும். தட்டினால் உடனே திறக்க வேண்டும். பிந்தினால் கதவினூடாக வரும்.

"பாலேஸ், கையெழுத்தை வையும்," என்றான் நவரட்ணம். பேனையை நீட்டினான். "அண்ணை எனக்குச் சாட்சியா, ரெபரன்சுக்கு வச்சிட்டார். மனிசி எண்ட இடம் மட்டுந்தான் மிச்சம்."

"எங்கை வைக்கப் போறியள் இதை?"

"என்ன?"

"துவக்கை. பூட்டித்தானே வைப்பியள்?"

நவரட்ணம் சீமோனை ஒருமுறை பார்த்தான். பிறகு இத்தனை மாதமாக உள்ளே கிடந்தது வெடித்து வந்தது.

"பூட்டமாட்டன்! கட்டிலுக்குக் கீழை அஞ்சும் நிறைச்சு வைப்பன். இனி ஒருத்தன் என்ரை கதவிலை தட்டட்டும். தட்டினவன் தட்டின இடத்திலையே கிடப்பான்."

"ஆர் தட்டுறது எண்டு தெரியாமலோ?"

"தெரிஞ்சுகொண்டோ நீ திறந்தனி?"

சீமோன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நவம், உப்பிடிக் கதைச்சால் நான் வச்ச கையெழுத்தை என்ன செய்யிறது?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை. இது எனக்கும் இவளுக்கும்." நவரட்ணம் எழுந்து வந்து அவளுடைய வலக்கையைப் பிடித்தான். ஈரத்துணி நழுவியது. வெந்து பொங்கியிருந்த மணிக்கட்டை அவனுடைய பெருவிரல் அழுத்தியது. "வை. ஒருக்காக் கதவைத் திறந்து என்ரை கையை உடைச்சனி. இப்ப உன்ரை கையாலை அதுக்குப் பரிகாரம் செய். வை!"

கொப்புளம் அவன் விரலுக்குக் கீழே உடைந்தது. நீர் வழிந்து படிவத்தில் சொட்டியது. பாலேஸ்வரி கத்தவில்லை. பேனை அவள் விரல்களுக்குள் திணிக்கப்பட்டிருந்தது. அது தாளைத் தொடும் நேரத்தில் வாசல் கதவு அதிர்ந்தது.

டும். டும். டும்.

"ஓப்பின் த டோர்!"

கையால் தட்டிய சத்தமாக அது கேட்கவில்லை. யாரோ காலால் உதைத்தார்கள்.

"ஹலோ! ஓப்பின் த டோர்!"

நவரட்ணம் கதவுப் பக்கம் திரும்பினான். அவள் கையை விட்டான். மேசையிலிருந்த துவக்கைத் தூக்கினான். அவள் கையிலிருந்து உருண்ட தோட்டாவைப் பொறுக்கினான். பெருவிரலால் திறந்த வாய்க்குள் அழுத்தினான். உள்ளங்கையால் இரும்பை ஒருதரம் பின்னுக்குத் தள்ளி விட்டான்.

சறக்... டக்.

இந்தத் தடவை பாலேஸ்வரி கீழே விழவில்லை. கால்கள் பழக்கத்தில் கதவை நோக்கி ஓடின. கை ஆணியில் தொங்கிய பைக்கு நீண்டது. சங்கிலியை எடுக்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள். நவரட்ணம் வீட்டு நடையின் மறு முனையில் நின்று, துவக்கைத் தோளில் வைத்து, கதவின் நடுவைக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். மடங்காத இரண்டு விரல்களும் பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"விலகு!"

"இஞ்சேருங்கோ, அது..."

"விலகடி!"

"நவம்! வையும் கீழை!" என்று சீமோன் சோபாவிலிருந்து எழும்ப முயன்றார். பெரிய வயிறு அவரை உடனே எழும்ப விடவில்லை.

கதவில் மறுபடியும் உதை விழுந்தது. முப்பது வருடத்துக்கு முந்திய பலாமரக் கதவும் வெளிச்சப் புள்ளிகளும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவள் சங்கிலியை விட்டாள். கதவைத் திறக்கவில்லை. முதுகைக் கதவோடு ஒட்டி வைத்து, இரண்டு கைகளையும் விரித்து, துவக்கின் வாய்க்கு நேரே நின்றாள்.

"கதவு மறிக்காது," என்றாள். அவள் குரல் உயரவில்லை. "உதுக்குள்ளாலை போகும். எனக்குத் தெரியும். என்னைத் தாண்டித்தான் போகவேணும்."

அவளுடைய முதுகில் கதவு உதையால் அதிர்ந்தது.

நவரட்ணம் கண்ணை மூடினான். விசையை அழுத்தினான்.

டிக்.

ஊசி விழுந்தது போன்ற ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அவன் மறுபடி அழுத்தினான். அதற்குள் சீமோன் வந்து குழலைப் பிடித்து மேலே தூக்கி, துவக்கைப் பறித்துவிட்டார். நவரட்ணம் வெறுங்கையோடு நின்று தன் ஆட்காட்டி விரலைப் பார்த்தான்.

கதவுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா! கம் ஓன்! ரெண்டு கையிலையும் ரோல்ஸ் பெட்டி. சுடுது அம்மா!"

பாலேஸ்வரி சங்கிலியை எடுத்து மூன்று பூட்டையும் திறந்தாள். இருபத்திரண்டு வயது மிதுனன் இரண்டு பெட்டிகளோடு உள்ளே வந்தான். சப்பாத்தின் நுனியில் கதவுச் சாயம் ஒட்டியிருந்தது.

"எவ்வளவு நேரம்? என்ன, காது கேக்..." சீமோனின் கையில் துவக்கைக் கண்டான். தரையில் குந்தியிருந்த தகப்பனைக் கண்டான். தாயின் கையில் தோல் உரிந்து தொங்குவதைக் கண்டான். "வாட் ஹாப்பின்ட்? அம்மா?"

"அப்பா உன்னைச் சுட்டவர்," என்றாள் பாலேஸ்வரி.

சீமோன் துவக்கின் வாயைத் திறந்தார். தோட்டா துள்ளிக் கம்பளத்தில் விழுந்தது. அதை எடுத்து அந்த ஊசித்துளையைக் காட்டினார்.

"உள்ளுக்கு மருந்தில்லை தங்கச்சி. புதுசா வாறவைக்குக் காட்ட நானே ஓட்டை போட்டுக் கொட்டி வச்சது. வந்த உடனையே இவனுக்குச் சொன்னனான். கேக்கேல்லை." அவர் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டார். "மற்றப் பெட்டியிலை இருபது உண்மையானது இருக்கு. வீட்டை விட்டிட்டு வந்தனான். சும்மா, பாரம் எண்டு விட்டிட்டு வந்தனான்."

மிதுனன் பெட்டிகளை மெல்லக் கீழே வைத்தான். தகப்பனிடம் போகவில்லை. தாயின் பக்கத்தில் போய் நின்றான்.

நவரட்ணம் நெற்றியைத் தரையில் முட்டினான். ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. மூன்றாம் முறை தோல் வெடித்து இரத்தம் கம்பளத்தில் இறங்கியது. பாலேஸ்வரி போய் அவன் தலையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ ஏன் திறந்தனி பாலேஸ்?" என்று அவன் குழந்தையைப் போல அழுதான். "அண்டைக்கு நீ ஏன் திறந்தனி?"

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அது ஒரு கேள்வியாக வந்தது. அவள் சொன்னாள். யோகனைச் சொன்னாள், அவன் தடவிய இரண்டு பொக்கற்றையும் சொன்னாள், கூட்டி அள்ளிய பதினொரு கோதுகளையும் சொன்னாள். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் தமையன் சண்டையில் செத்தான் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தவள், கதவைப் பற்றி அன்றுதான் சொன்னாள். "பிந்தினால் உங்களையும் சுட்டுப்போடுவாங்கள் எண்டுதான் ஓடிப்போய்த் திறந்தனான்," என்று முடித்தாள்.

நவரட்ணம் தன் உடைந்த கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான்.

சீமோன் விசைக்குப் பூட்டைப் போட்டு, துவக்கை உறைக்குள் வைத்து மூடினார். பிறகு படிவத்தை எடுத்து, தன்னுடைய கையெழுத்தின் மேல் பேனையால் குறுக்கே மூன்று முறை கீறினார். தாள் கிழிந்தது.

"உதிலை ஒரு தொலைபேசி நம்பர் போட்டிருக்கு," என்றார். "வீட்டிலை ஆருக்கும் பயம் எண்டால் எடுக்கச் சொல்லி. நீர் கையெழுத்து வைக்காட்டியும் இவன் அனுப்பலாம். ஆனால் நீர் எடுத்துச் சொன்னால் லைசன்ஸ் குடுக்கமாட்டாங்கள். நீர் எடுக்காட்டி நான் எடுப்பன். எனக்கு நவத்தைப் பிடிக்கும், அதாலைதான் எடுப்பன்."

பாலேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை இரத்தம் வழிந்திருந்தது. அவன் தலையை ஆட்டினான்.

"எடு," என்றான். "எனக்குத் தரவேண்டாம் எண்டு நீயே சொல்லு."

"திங்கக்கிழமை காலமை எடுக்கிறன். இண்டைக்கு நடந்தது முழுக்கச் சொல்லுவன், ஒண்டும் மறைக்கமாட்டன்," என்றாள் அவள். "நீங்கள் பக்கத்திலை இருந்து கேக்கவேணும்."

படிவத்தை நான்காக மடித்து ஆணியில் தொங்கிய பைக்குள், அட்டைகளோடு வைத்தாள்.

மிதுனன் ஒரு பெட்டியைத் திறந்து இரண்டு ரோல்ஸைத் தாளில் சுற்றி, சீமோனின் கையில் வைத்தான். சீமோன் அதை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டார். அன்று அவர் அதற்குப் பகிடி எதுவும் விடவில்லை. துவக்கு உறையைத் தோளில் மாட்டி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாறன் தங்கச்சி. கையை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டும்."

"போட்டு வாங்கோ அண்ணை. அடுத்தமுறை வரேக்கை உதைக் கொண்டு வராதேங்கோ."

"இல்லை. மான் இறைச்சி மட்டும்."

அவர் படிகளில் இறங்கி, காரின் பின்கதவைத் திறந்து உறையைக் கிடத்தி, கதவை அடித்துச் சாத்தினார். அந்தச் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. பாலேஸ்வரியின் தோள்கள் ஒருதரம் அதிர்ந்தன. கார் தெரு முடக்கில் திரும்பும்வரை பார்த்து நின்றாள். பிறகு காயப்படாத கையால் கதவைச் சாத்தினாள்.